போகியில போடுறதுக்கு முன்னாடி அந்த விரிப்பை ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போகி டிப்ஸ்னு நீங்க போட்டதுல பழைய பாய், தலகாணியோட, பழம்புடவைங்களை அடுக்கித் தச்ச விரிப்பையும் சேர்த்து எடுத்துப் போடச் சொல்லியிருந்தீங்க, படிச்சதுலருந்து மனசு கேக்கல சார். மஞ்சக்குப்பத்துல 22 வருஷமா தையல் கத்துக் குடுக்குறேன், இப்பல்லாம் முக்காவாசி குயில்ட் வகுப்புதான், அதாவது இப்படித் துணியை அடுக்கி விரிப்பாத் தைக்குறது, அதனால சொல்றேன்.

போன போகிக்கு என்கிட்ட படிக்கிற திருப்பாப்புலியூர் பொண்ணு ஒண்ணு, விடியக்காலையில நெருப்புலருந்து அவ மாமியார் வீட்டு விரிப்பை இழுத்துக்கிட்டு நேரா என் வீட்டுக்கு வந்தா. ஒரு மூலை கருகிப்போச்சு. அந்த மூலையிலதான் அடுக்கு தெரிஞ்சுது, எண்ணுனா அஞ்சு, மேலயும் கீழயும் மெல்லிசான வாயில் துணிப் புடவை, நடுவுல சிவப்பு சுங்குடி, புள்ளி கூட மங்கல. பிரிஞ்சு தொங்குன நூல் நுனியக் கிள்ளி எரிச்சுப் பாத்தேன், காகிதம் எரியுற வாசனை, சாம்பலா உதிர்ந்துச்சு, அப்ப பருத்தி நூல், பாலியஸ்டரா இருந்தா உருகி மணி மாதிரி கட்டியாயிரும். அப்புறம்தான் பாத்தேன், பாதி வரைக்கும் இஞ்சுக்கு எட்டு தையல், அதுக்கு மேல அஞ்சு, ஆறுன்னு தடுமாறுது. ரெண்டு பேர் கை. மாமியாருக்கு போன் போட்டா, "ஆமாம்மா, எங்கம்மாவுக்குக் கண்ணுல புரை விழுந்துருச்சு, மீதிய நான்தான் தச்சேன், அப்ப பதினாலு வயசு எனக்கு"ன்னு சொல்லிட்டு அழுதுட்டாங்க. எரிக்கச் சொன்னதும் அவங்கதான். ஏன்னா அதுக்கு முந்தின மாசம் புதுச்சேரியில ஒரு கடையில காட்டுனப்ப, 400 ரூபாதான் பெறும்னு கடைக்காரங்க சொல்லியிருக்காங்க.

கணக்குப் போடுங்க சார். அந்த விரிப்பு ஆறுக்கு நாலு அடி, நீளவாக்குல அரை இஞ்சுக்கு ஒரு தையல் வரி, அப்ப 96 வரி, மொத்தம் 576 அடி கைத்தையல். ஒரு வரிக்கு அரை மணி நேரம்னு வச்சாலும் 48 மணி நேரம், எட்டு மணி நேர வேலையா ஆறு நாள். ஆறு நாள் கூலியே 400 ரூபாயில அடங்காது, துணி, வயசு, அந்த ரெண்டு கை இதெல்லாம் அப்புறம்.

அமெரிக்காவுல இதுக்குன்னே பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்குன மதிப்பீட்டாளருங்க இருக்காங்க, அளவு, துணி, சாயம், தையல், கிழிசல் எல்லாம் பாத்து எழுதிக் குடுப்பாங்க, இன்சூரன்ஸுக்கு ஒரு மதிப்பு, விக்கிறதுக்கு வேற மதிப்பு. அலபாமாவுல ஜீஸ் பெண்டுன்னு ஒரு ஊரு, கறுப்பினப் பெண்கள் வயல் வேலைக்குப் போட்ட பழைய துணியில தச்ச குயில்ட்டை 2002ல நியூயார்க் விட்னி மியூசியத்துல மாட்டுனாங்க, 2006ல தபால்தலையே வந்துச்சு. அவ்ளோ தூரம் ஏன், வங்காளத்து நக்‌ஷி காந்தாவும் பழம்புடவைதான், புடவைக் கரையிலருந்து உருவுன நூல்லயே தச்சது, அதுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. நம்ம ஆத்தாங்க பிள்ளை பெத்தவளுக்கும் தூளிக்கும் தச்சது மட்டும் கந்தலா?

எங்க வீட்டு டிரங்குப் பொட்டியிலயும் நாலு இருந்துச்சு, 2011 தானே புயல்ல நனஞ்சு பூஞ்சை புடிச்சுது, அப்ப எனக்கே விவரம் பத்தல, தூக்கிப் போட்டுட்டேன். இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

கைவினைப் பொருள் கண்காட்சி போடுறப்ப ஒரே ஒரு மேசை ஒதுக்குங்கன்னு அதிகாரிங்களைக் கேட்டுக்குறேன், ஜனங்க வீட்டு விரிப்பைக் கொண்டு வரட்டும், என்னை மாதிரி டீச்சருங்க அளந்து பாத்து எழுதிக் குடுக்குறோம். வகுப்புலயும் புதுசா தைக்க மட்டும் சொல்லித்தராம பழசைப் படிக்கவும் நான் சொல்லித்தரேன், நாளைக்கு இதுவே அந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு தொழிலாகும்.

போகிக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. வீட்டுல விரிப்பு இருந்தா யார் தச்சது, யார் புடவைன்னு பெரியவங்களைக் கேட்டு ஒரு துண்டு காடாத் துணியில எழுதிப் பின்பக்கம் தச்சு வச்சிருங்க, மடிப்பை அப்பப்ப மாத்தி மடிங்க, ஒரே மடிப்புல கிடந்தா அங்கதான் இத்துப்போகும். இதை மட்டுமாவது போகிக்கு முன்னாடி பத்திரிகையில போட்டுருங்க சார்.

இப்படிக்கு,
ஒரு தையல் டீச்சர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.