ஆண்டறிக்கை 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் இயங்கிவரும் நமது கூடைப்பந்துக் கழகத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். நமது மூத்தோர் அணி இரண்டு போட்டிகளில் கலந்துகொண்டு, ஒன்றில் முதல் சுற்றிலும் மற்றொன்றில் காலிறுதியிலும் தோற்றது. பிள்ளைகளுக்கு உயரம் போதாது என்பதே இரு தோல்விகளுக்கும் செயற்குழுவில் சொல்லப்பட்ட காரணம். வடகிழக்குப் பருவமழையில் சிமெண்ட் களத்தில் தண்ணீர் தேங்கிப் பயிற்சி பல நாள் நின்றுபோனதை எவரும் காரணமாகச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து நெட்டையான ஆட்டக்காரர் இருவரை வழிச்செலவு கொடுத்து அழைத்துவரலாம் என்ற யோசனை வந்தது, முடிவெடுக்காமல் ஒத்திவைத்தோம்.

அந்த நிலையில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் பிளே-ஆஃப் ஆட்டங்களை, அதாவது லீக் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளை, உறுப்பினர் ஒருவரின் வீட்டு மாடியில் புரொஜெக்டர் வைத்து அனைவரும் சேர்ந்து பார்ப்பதென்று செயற்குழு முடிவு செய்தது. இது கழகப் பணமா, கேளிக்கைச் செலவா என்று சில உறுப்பினர்கள் கேட்டிருப்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

தண்டர் அணி 2024–25 பருவத்தின் 82 லீக் ஆட்டங்களில் 68-ஐ வென்றது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 13 புள்ளி வித்தியாசத்தில் எதிரணிகளை அது முந்தியது, என்.பி.ஏ. வரலாற்றில் அதற்கு முன் எந்த அணிக்கும் அந்த அளவு அமைந்ததில்லை. ஆனால் பருவம் தொடங்கும் முன்பே ஏழடி உயர ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனின் கை எலும்பு முறிந்தது; நவம்பரில் அவரினும் உயரமான செட் ஹோம்கிரன் இடுப்பெலும்பு முறிந்து வெளியேறினார். சில ஆட்டங்களில், ஆறரை அடி அளவேயான ஜேலன் வில்லியம்ஸ் கூடைக்கடியில் நெட்டையர் நிற்கும் இடத்தில் நின்று ஆடினார். நம் செயற்குழுவில் அப்போது அவர் இருந்திருந்தால் விவாதம் வேறு மாதிரி போயிருக்கும்.

இந்த அணி திடீரென்று முளைத்ததும் அன்று. 2019-இல் தங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற இளைஞரையும் புதிய இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்புகள் பலவற்றையும் பெற்றார்கள். அதன்பின் 2020–21-இல் 72 ஆட்டங்களில் 22 வெற்றி, அடுத்த ஆண்டு 82-இல் 24 வெற்றி என்று அடிவாங்கிக்கொண்டே இருந்தார்கள். பயிற்சியாளர் மார்க் டேக்னால்ட்டை அப்போதும் மாற்றவில்லை. நம் கழகத்தில் ஒரு காலிறுதித் தோல்விக்கே பயிற்சியாளரை மாற்றச் சொல்லி மனு வந்ததை அவைக்கு நினைவூட்டுகிறேன்.

பிளே-ஆஃபில் ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்லும் அணியே முன்னேறும். நமக்கு மிகவும் பயன்பட்டது டென்வர் நக்கெட்ஸுடன் நடந்த அரையிறுதிக்கு முந்தைய சுற்றின் ஏழாவது ஆட்டம். நம் நேரப்படி மே 19 நள்ளிரவு ஒரு மணிக்கு அது தொடங்கியது. கோடை விடுமுறை என்பதால் பிள்ளைகள் அனைவரும் மாடியில் இருந்தார்கள். ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள டென்வர் ஆட்டக்காரர் நிக்கோலா யோக்கிச்சின் மேல், 6 அடி 5 அங்குல உயரமே உள்ள அலெக்ஸ் கரூசோவைத் தண்டர் அணி நிறுத்தியது. கரூசோ அவருக்குப் பின்னால் நிற்கவில்லை. பந்து அவர் கைக்கு வருமுன்பே முன்னால் புகுந்து, முழங்காலை மடக்கித் தாழ நின்று, தோளால் முட்டி, பந்து போகும் வழியையே அடைத்தார். தலைக்கு மேலே தூக்கிப் போடப்படும் பந்தைத் தடுக்கப் பின்னால் வேறொருவர் காத்திருந்தார். முதல் கால்பகுதியில் பின்தங்கியிருந்த தண்டர், முடிவில் 125–93 என்று வென்றது. “ஏலே, ஒசரம் இல்லாதவன் எப்படி ஒட்டி நிக்கான் பாரு” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் விழித்துக்கொண்டார்கள். அடுத்த நாள் நானே நேரில் சென்று வருத்தம் தெரிவித்தேன். பின்னால் காத்திருந்தவர்களில் ஏழடிக்காரர்களும் உண்டு என்று பொருளாளர் சுட்டிக்காட்டியதும் நியாயமே.

மினசோட்டாவை 4–1 என வென்று இறுதிச் சுற்றுக்குள் நுழைந்த பிறகு, இந்தியானா பேசர்ஸுடனான முதல் ஆட்டத்தில் தண்டர் 110–111 என்று தோற்றது. 0.3 நொடி மிச்சமிருக்கையில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட பந்துதான் அந்த ஆட்டத்தில் இந்தியானாவுக்குக் கிடைத்த ஒரே முன்னிலை. ஏழாவது ஆட்டம் ஜூன் 23 திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கியது. அதே ஹாலிபர்ட்டன் முதல் கால்பகுதியிலேயே குதிகால் தசைநார் அறுந்து விழுந்தபோது, மாடியில் ஒருவரும் கைதட்டவில்லை. தண்டர் 103–91 என்று வென்று கோப்பையை எடுத்தது. பள்ளி திறந்துவிட்டிருந்தபடியால் பிள்ளைகள் பையோடு வந்திருந்து, மூன்றாவது கால்பகுதியில் எழுந்து ஓடினார்கள்.

ஜூலை முதல் வாரத்தில் கூடிய செயற்குழு, வெளியூர் ஆட்டக்காரர் யோசனையைக் கைவிட்டு, வாரத்தில் மூன்று நாள் தடுப்பாட்டப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கியது. முன்னால் புகுந்து நிற்கக் கற்ற பிள்ளைகள் இப்போது கையைப் பிடித்து இழுக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அண்மையில் நடந்த நட்பு ஆட்டம் ஒன்றில் நம்மவர் மூவர் ஐந்து ஃபவுல் ஆகி வெளியே உட்கார நேர்ந்தது. இதைத் திருத்துவது பயிற்சியாளரின் பொறுப்பு.

களத்தின் மழைநீர் வடிகால் வேலையை வரும் ஐப்பசிக்கு முன் முடிக்க வேண்டும். வளைந்த கூடை வளையம் மாற்றப்பட்டுவிட்டது. புரொஜெக்டர் வாடகை, தேநீர், வடைச் செலவு உட்பட வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்