ஏரியோரத்துக் கோரையைப் பறிக்காதீர்கள்

ஏரிச் சங்கத்துப் பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

காட்பாடிப் பக்கத்து நம் ஏரியை இந்தக் கோடையில் தூர்வாரப் போகிறீர்கள். நல்ல காரியம். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது நிரம்பி வழிந்து கோடி போன ஏரி, இப்போது பாதி மேடாகிக் கிடக்கிறது. நடுவில் எவ்வளவு வண்டல் வேண்டுமானாலும் அள்ளுங்கள். ஆனால் ஓரத்துக் கோரையையும் சம்பையும் வேரோடு பறித்து, கரையைக் கிணறு மாதிரி செங்குத்தாக வெட்டும் முடிவை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏரி நீர் ஊறும் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் போன வருடம் சோதித்தோம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது; எங்களுடையது தாண்டியிருந்தது. அந்தத் தண்ணீரில்தான் கைக்குழந்தையான என் பேத்திக்குப் பால்பவுடர் கரைத்துக்கொண்டிருந்தோம். நைட்ரேட் மிகுந்தால் பச்சைக் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். அன்று வந்த பயம் இன்னும் போகவில்லை.

ஏரியில் இறங்கும் சாக்கடையில் நைட்ரஜன் பெரும்பாலும் அமோனியாவாக வருகிறது. அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விடும் பாக்டீரியா வேறு. ஆக்சிஜன் கிடைக்கிற வரை அது அதையே சுவாசிக்கும். ஏறக்குறைய தீர்ந்த பிறகுதான் நைட்ரேட்டைத் தொடும். இரண்டும் அடுத்தடுத்து நடக்கிற இடம் சேறு. சேற்றுக்குள் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதனால் மேலே பழுப்பு, கீழே கறுப்பு. பழுப்பில் உண்டாகும் நைட்ரேட் கறுப்பில் இறங்கி வாயுவாகிறது.

கோரை, சம்பின் தண்டுக்குள் காற்று போக வழி உண்டு. அதன் வழியே வேர் வரை ஆக்சிஜன் இறங்குவதால், கறுஞ்சேற்றுக்குள்ளும் ஒவ்வொரு வேரைச் சுற்றியும் அந்தப் பழுப்பு உறை உண்டாகிறது. நைட்ரேட் உண்டாகி வாயுவாகும் அதே வேலை அங்கேயும் நடக்கிறது. ஒரு கோரையைப் பிடுங்கிப் பாருங்கள், வேரில் துருநிறம் ஒட்டியிருக்கும்.

அப்புறம் ஆகாயத்தாமரை. அதைத் தயவு பார்க்காமல் எடுத்துவிடுங்கள். ஏரியை மூடிக்கொண்டு நீருக்குள் காற்று இறங்க விடாமல் செய்கிறது. நீரில் ஆக்சிஜன் அற்றுப்போனால் அமோனியா நைட்ரேட்டாக மாறாமல் அப்படியே தேங்கும், சேற்றில் இரும்போடு ஒட்டியிருக்கும் பாஸ்பரஸும் நீரில் கலந்து பாசியை வளர்க்கும்.

சாக்கடையை நிறுத்துவதுதான் முழுத் தீர்வு என்று எனக்கும் தெரியும். அதுவரைக்கும் சாக்கடை விழும் வடக்கு மூலையில், சரிவாகக் கரையை விட்டு, கோரையை நிற்க விடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அங்கிருந்து ஒரு கண்ணாடி ஜாடி நிறையச் சேறு எடுத்து வருகிறேன். பழுப்பும் கறுப்பும் சேரும் கோட்டை நீங்களே பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் ஆயக்கட்டு விவசாயி