எடி வெட்டருக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகர ராக் பாடகர்களைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆண்ட்ரூ உட், கர்ட் கோபேன், லேன் ஸ்டேலி, கிறிஸ் கார்னெல் என்று இறந்துபோனவர்களைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்தார்கள், சரி. ஆனால் அதே கூட்டத்திலிருந்து வந்து இன்றும் பாடிக்கொண்டிருக்கிற பேர்ல் ஜாம் இசைக்குழுவின் பாடகர் எடி வெட்டருக்கு ஒரே ஒரு வரிதானா?

அவர் பட்டதும் கொஞ்சநஞ்சமில்லை. அப்பா என்று நம்பியிருந்தவர் தன்னைப் பெற்றவர் இல்லை என்பது பதின்வயதில்தான் அவருக்குத் தெரிந்தது, அதற்குள் பெற்றவர் இறந்தே போயிருந்தார். சான் டியேகோவில் பெட்ரோல் பங்கில் இரவு வேலை பார்த்தவர் கைக்கு 1990இல் ஒரு கேசட் வந்தது. ஆண்ட்ரூ உட்டைப் பறிகொடுத்துவிட்டுப் பாடகர் தேடிக்கொண்டிருந்தவர்கள், பின்னால் பேர்ல் ஜாம் ஆனவர்கள், பதிவு செய்த, பாட்டில்லாத வெறும் இசை. அதற்குத் தன் அப்பா கதையையே எழுதிப் பாடித் தபாலில் அனுப்பினார். 'அலைவ்' அப்படிப் பிறந்த பாட்டு. உயிரோடு இருப்பதையே சாபமாக நினைத்து எழுதிய 'நான் இன்னும் உயிரோடிருக்கிறேன்' என்ற வரியை ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கூடிக் கொண்டாட்டமாகப் பாடப் பாட, தன் மேலிருந்த சாபம் விலகியது என்று அவரே பின்னாளில் மேடையில் சொன்னார்.

இன்னொன்று, டிக்கெட் விவகாரம். 1993இல் 'வெர்சஸ்' ஆல்பம் ஐந்தே நாளில் ஒன்பதரை லட்சம் பிரதிகள் விற்ற குழு, நினைத்த விலைக்கு டிக்கெட் விற்றிருக்கலாம். இவர்களோ சேவைக் கட்டணமும் சேர்த்து 20 டாலருக்குள் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்று, 1994இல் டிக்கெட் விற்கும் பெரிய நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் மேல் அமெரிக்க அரசின் நீதித்துறையிடம் புகார் கொடுத்தார்கள், குழுவில் இரண்டு பேர் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியும் சொன்னார்கள். மறுவருடமே நீதித்துறை விசாரணையைக் கைவிட்டுவிட்டது, அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத இடமாகத் தேடித்தேடிக் கச்சேரி நடத்தியதில் குழுவுக்குத்தான் அடி. ஆனால் 2024இல் அதே நீதித்துறை அதே நிறுவனத்தின் மேலும் அதன் தாய் நிறுவனத்தின் மேலும் வழக்குப் போட்டதே, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை வேண்டாமா?

அப்புறம் 2000இல் டென்மார்க்கின் ராஸ்கில்டே இசைவிழா. இவர்கள் பாடும்போது நெரிசலில் ஒன்பது ரசிகர்கள் இறந்தார்கள். குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள், கலைக்கவில்லை. அடுத்த இதழ்களில் ஒரு முழுப் பக்கம் அவருக்கு ஒதுக்குங்கள், ராஸ்கில்டேயைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்