செட்டிநாட்டுக் கொட்டான் முடையும் பெண்களுக்கு வடிவமைப்புப் பயிற்சியும் பணிக்கூடமும் வேண்டி மனு

அனுப்புநர்:
கொட்டான் முடையும் பெண்கள்,
காரைக்குடி வட்டாரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பனங்குருத்தோலையைக் காயவைத்து, கிழித்து, சாயமேற்றிக் கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைவது எங்கள் தொழில். நகரத்தார் வீட்டுக் கல்யாணச் சீரில் கொட்டானுக்கு இன்றும் இடம் உண்டு. ஆனால் முகூர்த்த மாதங்கள் போனால் எங்கள் கைகளுக்கு வேலை இல்லை. அதனால்தான் எங்களில் இளையவர்கள் மூடிபோட்ட பரிசுப்பெட்டி, விளக்குக் கூடு, தோள்பை என்று புதிது புதிதாக முடைந்து பார்க்கிறார்கள்.

முன்பு நடந்த பயிற்சி ஒன்றில், கணினியில் வரைந்த தோள்பைப் படத்தைக் கொடுத்து அதன்படியே முடையச் சொன்னார்கள். படம் அழகுதான். கூரான மூலையில் மடித்தால் ஓலை ஒடியும் என்பது வரைந்தவருக்குத் தெரியவில்லை. வார் தைத்த இடத்திலேயே பைகள் கிழிந்தன. வடிவமைப்பாளரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெளியூரில் எந்த நிறம் விற்கும், எந்த அளவு மேசைக்குப் பொருந்தும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஓலை எவ்வளவு வளையும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே அரசின் கைவினைப்பொருள் நிறுவனமான பூம்புகார் வழியாகவோ வடிவமைப்புக் கல்லூரி வழியாகவோ ஒருவர் எங்கள் ஊரில் சில வாரங்கள் தங்கி, எங்களோடு உட்கார்ந்து மாதிரிகள் செய்ய ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். மாதிரி செய்யும் நாட்களுக்கும் கூலி வேண்டும். வீணாகும் ஓலைக்கு இதுவரை எங்கள் கைக்காசுதான் போகிறது.

மழைக்காலத்தில் வீட்டில் அடுக்கிய ஓலையில் பூசணம் பிடிக்கிறது. ஈரம் ஏறாத, சாயம் காய்ச்ச அடுப்புள்ள பொதுப் பணிக்கூடம் ஒன்று தேவை. பயன்படாமல் கிடக்கும் அரசுக் கட்டடம் ஒன்றைச் சீரமைத்துக் கொடுத்தாலே போதும்.

தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 விழுக்காடு மானியத்துடன் கடன் கிடைக்கிறது. ஆனால் 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். புது வடிவங்களைத் தேடும் பெண்களில் பலர் அந்த வயதை எட்டாதவர்கள். அனுபவத்தைப் பார்த்து வயது வரம்பைத் தளர்த்துமாறு அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருந்தும், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்தவர்களே அதைத் தம் பொருளில் பயன்படுத்தலாம். இதற்கொரு பதிவு முகாம் நடத்தித் தர வேண்டுகிறோம்.

கிழிந்த பை ஒன்றையும், அதே வடிவத்தை மூலை மழுக்கி நாங்கள் முடைந்த பை ஒன்றையும் மனுவோடு கொண்டுவந்திருக்கிறோம். பார்வையிட்டு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொட்டான் முடையும் பெண்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)