அம்மிணிக்கு, போத்தனூரிலிருந்து

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை போன மாதத்தைவிட இறங்கியிருக்கிறது. பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் அரைத்து வைத்திருக்கிறேன். பார்சல் போடலாம் என்று போன வாரம் கிளம்பிவிட்டேன். பழைய அட்ரஸுக்கே போடுவதா, இல்லை வேறு அட்ரஸா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் திரும்பிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அதனால்தான் தபாலில் போடாமல், எழுதி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். அட்ரஸை மட்டும் எழுதி அனுப்பு. வேறொன்றும் எழுத வேண்டாம்.

போனிலேயே கேட்கலாம்தான். நீ "சொல்லும்மா" என்றதும் எனக்கு எல்லாம் மறந்து, சாப்பிட்டாயா, பனி எப்படி இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது.

பொங்கலுக்கு வந்தபோது என் போனில் நீ பாட்டுகள் போட்டுக் கொடுத்தாய் அல்லவா. ஊருக்குப் போனதும் கேட்டாயா கேட்டாயா என்று மூன்று தடவை விசாரித்தாய். கேட்டேன், நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். தினமும் மத்தியானம் அப்பா கண் அசந்ததும், நீ விட்டுப் போன ஹெட்போனை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்காருவேன். டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் 28 வருஷம் காதில் மாட்டியிருந்த பழக்கம். அதை மாட்டினால்தான் எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கும்.

முதலில் டோரதி ஆஷ்பி. ஜாஸ் சங்கீதத்தில் ஹார்ப் என்ற ஆள் உயரத் தந்தி வாத்தியம் வாசித்தவர். எங்கள் டெட்ராய்ட்காரர் என்று பெருமையாகச் சொன்னாயே, அவர். 1958இல் வந்த 'ஹிப் ஹார்ப்' இசைத்தட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன். ஃபிராங்க் வெஸ் புல்லாங்குழல், ஹெர்மன் ரைட் பேஸ், ஆர்ட் டெய்லர் டிரம்ஸ், இவர் ஹார்ப். நாலே பேர். ஹார்ப் என்றால் சினிமாவில் கனவுக் காட்சி வரும்போது ஒரு தரம் சர்ரென்று வாரிவிடுவார்களே, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இந்தம்மா அதை நம்பி வாசிப்பதில்லை. ஒவ்வொரு சுரமாகக் கிள்ளி எடுக்கிறார். கிட்டார் மாதிரி சின்னச் சின்னக் கொத்தாகப் போட்டு, டிரம்ஸ்காரர் விடுகிற இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

அது எவ்வளவு கஷ்டம் என்று சாப்பாட்டு மேஜையில் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினாய். அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். 47 தந்தி, கீழே 7 பெடல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. அன்றைக்குத் தலையாட்டினேனே தவிர, கேட்கக் கேட்கத்தான் புரிகிறது. பியானோ வாசிப்பவருக்குக் கறுப்புக் கட்டை கைக்கு அடியிலேயே இருக்கிறது. நம் வீணையில் தந்தியை இழுத்தால், மெழுகில் பதித்த ஒரே மெட்டில் அடுத்த சுரமும் பேசும். ஹார்ப்பில் இரண்டும் இல்லை. அரைச்சுரம் ஏற்ற வேண்டுமானால், அந்தச் சுரம் வருவதற்கு முன்னாலேயே காலால் பெடலை நகர்த்தி வைத்திருக்க வேண்டும். நகர்த்தினால் அந்தப் பெயருள்ள தந்தி மேலிருந்து கீழ்வரை எல்லாம் சேர்ந்து மாறும். ஜாஸ் பாட்டிலோ ஒரு வரி முடிவதற்குள் நாலு இடத்தில் சுரம் திரும்புகிறது. கை நிதானமாக இருக்கும், கால் ஓடிக்கொண்டே இருக்கும் என்று நீ சொன்னது அதுதான்.

இன்னொன்று நீ சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். தந்தியை மீட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கிறது. உள்ளங்கையால் அமர்த்தாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். ஆஷ்பி அமர்த்துகிற இடம் எனக்கு இப்போது கேட்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் கவனிக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் லைனில் பேச்சு நின்றாலும் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா, வைத்துவிட்டுப் போய்விட்டதா என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் காது இன்னும் போகவில்லை. உன்னோடு பேசும்போதும் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் பின்னால் இருந்த சுவரில் ஒரு படமும் இல்லை, ஆணிகூட இல்லை. பழைய வீட்டில் அந்த இடத்தில் பழனி முருகன் படமும் கல்யாண போட்டோவும் இருந்தன. பெயின்ட் அடிக்கிறார்கள் என்றால் சரி. நான் கேட்கவில்லை.

ராத்திரி சாப்பிடாமல் தூங்காதே. ஒரு டம்ளர் பாலாவது குடி.

ஆஷ்பியைப் பற்றித் தேடிப் படித்தேன். ஹார்ப்பெல்லாம் ஜாஸுக்கு ஆகாது என்று டெட்ராய்ட்டிலேயே முதலில் ஒதுக்கினார்களாம். அவர் மூன்று பேர் குழுவாகக் காசு வாங்காமல் கச்சேரி செய்து, கல்யாண வீடுகளில் வாசித்து, அப்படி வாசித்து வாசித்தே கேட்கவைத்திருக்கிறார். கேட்க ஆள் வந்த பிறகும் நிற்கவில்லை. 1968இல் 'ஆஃப்ரோ ஹார்ப்பிங்', 1970இல் கோட்டோ என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியத்தையும் வாசித்து ஒரு தட்டு. அந்த 1970 தட்டு எனக்குக் கொஞ்சம் கூட்டம் அதிகமாகத் தெரிகிறது. 1976இல் பாடகர் ஸ்டீவி வொண்டருக்கு வாசித்தது அதற்கு நேர்மாறு. பாடுகிற குரலுக்குப் பின்னால் இவருடைய ஹார்ப் மட்டும்தான், டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. அதை உன் சித்திக்கும் போட்டுக் காட்டினேன்.

அவருடைய அப்பா கிட்டார் வாசிப்பவர். வாசிக்கிற சினேகிதர்களை வீட்டுக்குக் கூட்டி வருவாராம், சின்னப் பெண் பியானோவில் கூடவே வாசிக்குமாம். அதைப் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டேன். நம் வீட்டுக்கு யாரைக் கூட்டி வந்தோம்? டியூஷன் வாத்தியார்களைத்தான்.

உனக்கு இருக்கிற காது அப்பிச்சியின் காது. வேலைக்குப் போய், வீட்டுக்கடன் கட்டி, அந்தக் குளிரில் காரைச் சுரண்டி ஓட்டிக்கொண்டு, இதற்கு நடுவில் இப்படி ஒரு சங்கீதத்தைத் தேடிப் பிடித்து அம்மாவுக்கும் கொண்டுவந்து தர வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் பாட்டைக் கொண்டுவந்து தருகிற பிள்ளை, மற்றதை ஏன் வாயே திறக்காமல் வைத்திருக்க வேண்டும்? சித்திக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக்கூடாதா? சித்தி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கும்போது அவள் புடவை முந்தானையைத் திருகிக்கொண்டே இருப்பாள், உனக்குத் தெரியும்.

சரி, விடு.

இன்னொரு ஹார்ப்காரர், ஆலிஸ் கோல்ட்ரேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு அவர் வாசிப்பு பிடிக்கவில்லை. மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஒரேயடியாக அள்ளிக் கொட்டுகிறார் என்று நிறுத்திவிட்டேன். அப்புறம் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்ற பெயரைப் பார்த்து, யார் இந்தச் சுவாமி என்று தேடினால், செட்டிபாளையம்! போத்தனூருக்குப் பக்கத்தில் இருக்கிற நம்ம செட்டிபாளையம். அம்மாயி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்த ஊர். அங்கே 1914இல் பிறந்தவர், அமெரிக்கா போய், 1969இல் உட்ஸ்டாக் என்ற பெரிய இசை விழாவில் தொடக்க உரை பேசியிருக்கிறார். ஆலிஸ் அவரைக் குருவாக எடுத்துக்கொண்டவர். ஊர்ப் பாசத்தில்தான் மறுபடி கேட்டேன். முதலில் தம்பூரா வருகிறது. அந்தச் சுருதியைக் கேட்டதும் நீ சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு உட்காருவாயே, அந்த ஞாபகம் வந்துவிட்டது. செசில் மக்பீயின் பேஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதன் மேல் ஹார்ப் வந்து நனைத்துவிட்டுப் போகிறது, மறுபடி வருகிறது. அவர் கொட்டுவது கண்டபடி கொட்டுவது அல்ல. வேண்டிய சுரங்கள் மட்டும் பேசுகிற மாதிரி பெடல்களை முன்னாலேயே வைத்துக்கொண்டு, அப்புறம்தான் கையை விடுகிறார். ஆஷ்பி பூவை ஒவ்வொன்றாகக் கோர்க்கிறார், இவர் உதிரிப்பூவாகத் தூவுகிறார். இரண்டும் வேண்டியிருக்கிறது.

அவர் கையில் ஹார்ப் வந்த கதையை ஏன் எனக்கு நீ சொல்லவில்லை? அவர் கணவர், சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன்தான் அதற்கு ஆர்டர் கொடுத்திருந்தாராம். 1967 ஜூலையில் அவர் 40 வயதில் தவறிவிட்டார். அதற்கப்புறம்தான் ஹார்ப் வீடு வந்து சேர்ந்தது. கணவர் போனபோது ஆலிஸுக்கு 29 வயது, நாலு குழந்தைகள். ஆள் இல்லாத வீட்டில் அவர் சொல்லி வைத்த சாமான் வந்து இறங்குகிறது. அதை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள் என்று இரண்டு நாள் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. அடுத்த வருஷம் தன் பெயரில் முதல் தட்டைக் கொண்டுவருகிறார், ஒரு பக்கம் பியானோ, மறுபக்கம் ஹார்ப். செட்டிபாளையத்துப் பெயர் போட்ட தட்டு, கடைசிப் பாட்டு தவிர, 1970 நவம்பரில் வீட்டு ஸ்டுடியோவிலேயே பதிவானது. சாக்ஸபோன்காரர் ஃபாரோ சாண்டர்ஸ், டிரம்ஸ்காரர் ரஷீத் அலி எல்லோரும் வீட்டுக்கு வந்து வாசித்திருக்கிறார்கள். எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் ஒருத்திக்குப் பக்கத்தில் நாலு பேர் வேண்டும் அம்மிணி. உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? பிடிவாதமாகச் சாப்பிடாமல் மட்டும் தூங்காதே.

அந்த ஹார்ப்பைப் பழுது பார்த்து, பிராண்டி யங்கர் என்ற பெண் அதிலேயே வாசித்து 2025இல் ஒரு தட்டு வந்திருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கும். நான் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லித் தேடி எடுத்தேன். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் என்னால் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதம் எழுத ஆரம்பித்ததும் அதனால்தான்.

நீ பதினொன்று முடித்த அந்த மே மாதம், உன் வீணை மாடி ஷீட் அறையில் கிடந்து, மெழுகு இளகி, மெட்டெல்லாம் சாய்ந்து போயிற்றே. பாத்திரம் தேய்க்க வந்த அக்கா கூட்டுவதற்காகத் தூக்கி மேலே வைத்துவிட்டாள் என்று சொன்னேன். அவள் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். தெரிந்தேதான் வைத்தேன். வெயில் படாமல் வையுங்கள், மெழுகு தாங்காது என்று வீணை டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். பிளஸ் டூ வருஷம் முழுக்க அது வாசிக்க முடியாமல் கிடந்தால் நீ படிப்பாய் என்று நினைத்தேன். பரீட்சை முடிந்ததும் சரி செய்து தருவதாகச் சொன்னேன். பரீட்சை முடிந்தது, கவுன்சலிங், ஹாஸ்டல், அப்புறம் நீ கேட்கவே இல்லை. நீ கேட்காமல் விட்டதை நான் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த அக்காவிடம் நீ அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள். போகிற அன்றைக்கு வாசல்படியில் நின்று, "நான் தொடவே இல்லீங்க" என்றாள். "பரவாயில்லை விடு" என்று சொன்னேன். நான் அவளை மன்னிக்கிற மாதிரி சொன்னேன் அம்மிணி. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வீணையில் செய்ததை அப்புறம் பெரிய விஷயங்களிலும் செய்தேன். உன்னைக் கேட்காமல் உனக்கு நல்லது என்று நானே முடிவு செய்தேன். ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன் முகத்தை நான் பார்க்கவில்லை. அதற்கு மேல் இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

போன மாதம் வீணையைப் பரணிலிருந்து இறக்கி, கோயமுத்தூரில் வீணைக்கு மேளம் கட்டுகிற, அதாவது மெட்டு வைக்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். தண்டியில் விரிசல் இல்லை, குடமும் நன்றாக இருக்கிறது, 24 மெட்டையும் எடுத்துவிட்டுப் புது மெழுகு வைக்க வேண்டும் என்றார். இரண்டு நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கறுப்பு மெழுகைச் சூடாக வைத்து, மெட்டைப் பதித்து, தந்தியை மீட்டிக் காது கொடுத்துக் கேட்டு, ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டி. ஒவ்வொரு மெட்டுக்கும் அப்படி. இப்போது முன் அறையில், வெயில் வராத மூலையில், அப்பாவின் பழைய வேட்டியால் மூடி வைத்திருக்கிறேன்.

இதை அங்கே அனுப்பவா, இங்கேயே இருக்கட்டுமா என்று சொல். அனுப்புவதானால் பெட்டி செய்ய வேண்டும், அட்ரஸ் வேண்டும். பொடியையும் அதே அட்ரஸுக்குப் போட்டுவிடுவேன். நீயே வருவதாக இருந்தால் அட்ரஸ் வேண்டாம், எந்தத் தேதி என்று மட்டும் எழுது. தனியாக வந்தாலும் சரி.

அன்புடன்,
அம்மா