கட்டிலோடு முடிந்துவிடும் காப்பீடு

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம்.

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் தாயாருக்கு மருத்துவர் கேப்சிடபின் என்னும் கீமோ மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பதினான்கு நாள் மாத்திரை, ஏழு நாள் ஓய்வு என்று எட்டுச் சுற்றுகள். ஏறத்தாழ ஆறு மாதம். எங்கள் பாலிசியோ வீடு திரும்பியதிலிருந்து 60 நாள் வரையிலான செலவை மட்டுமே ஏற்கும். புண் ஆறி அவர் முதல் மாத்திரையை விழுங்கியபோதே அதில் 35 நாள் கழிந்திருந்தது. மூன்றாம், நான்காம் சுற்றுகளின் பில்கள் “உள்நோயாளியாக அனுமதிக்கப்படவில்லை” என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தன.

இப்படி மாத்திரையாக விழுங்கும் வாய்வழிக் கீமோதெரபியை ஒதுக்கக் கூடாதென்று 2019-இல் நவீன சிகிச்சைகள் பன்னிரண்டின் பட்டியலில் சேர்த்தது தாங்கள்தான். அதைச் சுட்டிக்காட்டி, பாலிசியில் உள்ள வீட்டுச் சிகிச்சைப் பிரிவின்கீழ் பணம் தருமாறு காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டேன். நோயாளி நகர்த்த முடியாத நிலையில் இருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் இடம் இல்லாதிருக்க வேண்டும் என்றார்கள். என் தாயார் எழுந்து நடமாடுகிறார் என்பதே அவருக்குக் குறையாகிவிட்டது.

காலையில் நான்கு, இரவில் மூன்று மாத்திரைகள். மாத்திரையின் பக்கவிளைவால் உள்ளங்கைத் தோல் உரிந்து கிடப்பதால் அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்க அவரால் முடிவதில்லை. நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். சென்ற வாரம் அட்டையில் இருந்த விலையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ராத்திரி வேளைய மட்டும் விட்டுடட்டுமாப்பா?” என்றார். பதினோரு ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் பிரீமியம் கட்டிய வீட்டில் கேட்கப்பட்ட கேள்வி இது.

மருத்துவமனைக் கட்டணத்தைக் காப்பீடு கொடுத்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வாடகை வண்டி, கூட வருபவரின் சம்பள இழப்பு என்று அதன் பிறகு வந்தவையெல்லாம் நகைக்கடனில்தான் ஓடுகின்றன. புற்றுநோய்ச் சிகிச்சை மருத்துவமனைக் கட்டிலை விட்டு வீட்டுக்கு வந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் பாலிசி இன்னும் கட்டிலைத்தான் பார்க்கிறது.

ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் அனுமதி, வீடு திரும்பும்போது மூன்று மணி நேரத்தில் இறுதி ஒப்புதல் என்று 2024-இல் கெடு விதித்தவர்கள் தாங்கள். அதே உறுதியோடு, புற்றுநோய் மருத்துவர் எழுதித் தரும் கீமோ மாத்திரைகளை நோயாளி எங்கிருந்து உட்கொண்டாலும், அந்தச் சிகிச்சை முடியும் நாள் வரை, காப்பீட்டுத் தொகைக்குள் ஏற்க வேண்டுமென்று எல்லா நிறுவனங்களுக்கும் ஆணையிடுங்கள். என் தாயாருக்கு இன்னும் மூன்று சுற்றுகள் மீதமிருக்கின்றன. தயவுகூர்ந்து விரைவில் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரர் ஒருவரின் மகன்