நீலம் பாரித்த உளி

ஆசிரியருக்கு வணக்கம்.

வேகமாகச் சுழலும் உலர் சாணையில் தீட்டும்போது உளியின் முனை நீலம் பாரித்தால், அதைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போகிறார்கள். கறை இல்லை, எஃகின் பதமே போய்விட்டது. கார்பன் எஃகு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் அந்த நிறம் வரும், அப்புறம் அந்த இடத்தைத் தேய்த்து எடுக்கும்வரை கூர் நிற்காது. நானே ஒரு நல்ல உளியை இப்படிக் கெடுத்திருக்கிறேன், இன்னும் மனசு ஆறவில்லை.

தண்ணீர்ச் சாணை இயந்திரத்தில் இந்தப் பயம் இல்லை. கல்லின் அடிப்பாகம் தொட்டித் தண்ணீரில் நனைந்தபடி நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றுதான் சுற்றும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், சரி. ஆனால் உளியைப் பிடிப்பானில் மாட்டி 25 டிகிரிக்கு வைத்துத் தீட்டிவிட்டு, தட்டைப் பக்கம் விரலை மெல்ல முனையை நோக்கித் தள்ளிப் பாருங்கள், சன்னமாகப் பிசிறு நெருடும். அது முனை நெடுக வந்ததும், அந்தப் பிசிறை எடுக்கத் தோல் சக்கரத்துக்கு மாறலாம். அந்தச் சக்கரம் முனையை விட்டு விலகிச் சுற்ற வேண்டும், எதிர்த்துச் சுற்றினால் உளி தோலைக் கிழித்துவிடும். கத்திக்கும் இதே முறைதான், கோணம் மட்டும் பக்கத்துக்கு 15 டிகிரி.

வேலை முடிந்ததும் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அப்படியே விட்டால் கல் ஒரு பக்கம் மட்டும் ஊறிக் கனத்து, அடுத்த முறை ஓட்டும்போது ஆடும். இயந்திரத்தை விற்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மரவேலைக்காரன்